மனேச்சர் வீட்டுக் கூப்பன்

பிள்ளை, இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. எங்கள் வாசிகசாலையின் ஆண்டு மலருக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்கு முதல் இதைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் உனக்கு அனுப்பும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஒட்டி அனுப்பினால் தபால்காரரிலிருந்து உன் சின்னம்மா வரைக்கும், உள்ளே என்னத்தை எழுதியிருப்பான் மனிசன் என்று மண்டையைப் போட்டு உடைப்பார்கள். பிறகு அவர்களாகவே ஒன்றைக் கட்டிவிடுவார்கள். அவர்களுடைய இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன் என்பதால் குறை சொல்லவில்லை. மலர்க்குழுச் செயலாளர், "மலர் வர ஆவணியாகும் மனேச்சர், அதுவரைக்கும்..." என்று இழுத்தார். "உயிரோடை இருந்தா நானே அச்சுப் பிழை பாக்கிறன், இல்லாட்டி நீர் பாரும்" என்றேன். மனிசனுக்கு முகம் கறுத்துப்போனது.

விசயத்துக்கு வருகிறேன். நீ வேலையை மாற்றப் பார்க்கிறாய். எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது குசினியில் அடுப்படிப் பக்கம் போய் நின்று உன் தலைமைத் தாதியோடு போனில் கதைத்தாயே. நீ குரலைத் தணித்தால் எனக்குக் காது கூர்மையாகிவிடும். ஒக்சிசன் மெசின் போடுகிற இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. அதனால் அதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். ஓம், ஒட்டுத்தான் கேட்டேன். "என்னை வேறை வாட்டுக்கு மாத்தி விடுங்கோ மேற்றன், அப்பான்ரை பேர் அங்கை இருக்கும்வரைக்கும் நான் இந்த வேலையைச் செய்யேலாது" என்று நீ சொன்னது கேட்டது. அதற்குள் எனக்கு மூச்சு முட்டி, நகமெல்லாம் நீலம் பாரித்து, அம்மா ஓடிவந்து மெசினைப் போட்டாள். கரண்ட் போய்விட்டது என்று சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். "கரண்ட் போனா ஃபான் எப்பிடிச் சுத்துது?" என்று கேட்டாள். இந்த வீட்டில் சந்தேகப்படுகிற ஆள் நான் மட்டுமில்லை.

இதை வாசிக்கப்போகிற ஊராருக்காகக் கொஞ்சம் விளக்கம் சொல்லவேண்டும். என் நுரையீரல் இரண்டும் தழும்பு பிடித்துச் சுருங்கிவிட்டன. ஏன் வந்தது என்று வைத்தியர்களுக்கே தெரியாதாம். ஊருக்குத் தெரியும், "உந்தாள் ஒளிச்சு ஒளிச்சுச் சுருட்டுப் பிடிச்சிருக்கும்" என்று. சுருட்டை நான் வாயில் வைத்ததேயில்லை. மருந்து நோயைக் கொஞ்சக் காலம் பிடித்து வைக்கும், மாற்றாது. மாற்றுவதென்றால் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் நுரையீரலை எடுத்து எனக்குப் பொருத்தவேண்டும். அதற்காகக் கொழும்பில் என் பெயரைக் காத்திருப்பவர்களோடு சேர்த்திருந்தார்கள். நீயோ யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், அப்படி மூளைச்சாவு அடைந்தவர்களின் குடும்பத்தோடு இருந்து கதைத்து, உறுப்புகளைத் தருவீர்களா என்று கேட்கிற தாதி. எனக்கு நோய் வருவதற்கு முன்னமே அந்த வேலைக்குப் போய்விட்டாய். அதை யார் நம்பப்போகிறார்கள்? ஒரே வீட்டில் ஒருத்தி கேட்கிறாள், ஒருத்தன் காத்திருக்கிறான். வேறொரு வீட்டில் இப்படி இருந்திருந்தால் நான்தான் முதல் ஆளாகக் கதை கட்டியிருப்பேன்.

நீ இந்த வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு நமக்குள் நடந்த சண்டை நினைவிருக்கிறதா? ஊசி போடுகிற வேலையை விட்டுவிட்டு, செத்த வீட்டில் கையேந்துகிற வேலைக்கா போகிறாய் என்று கத்தினேன். யாரோ பெரிய இடத்து ஆட்களுக்கு எங்கள் பிள்ளைகளின் சாமான்களை அனுப்பத்தான் உன்னைப் பிடித்துப் போடுகிறார்கள், வெளிக்குத்தான் தானம் என்று பெயர் என்றேன். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்த சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, "அப்பா, நீங்கள் ஒரு ஆளையாவது நம்பியிருக்கிறியளோ?" என்று கேட்டாய். யோசித்துப் பார்த்தேன், ஒருத்தரும் அகப்படவில்லை.

கொழும்புக் கிளினிக்குக்கு நீதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். அங்கே டொக்டர் அம்மா எல்லாவற்றையும் ஆறுதலாக விளக்கினார். உறுப்புகளைத் தருகிறவர்களே குறைவு. தருகிறவர்களிலும் நுரையீரல் உதவுவது இன்னும் குறைவு, அதுதான் எல்லாவற்றிலும் கெதியாகப் பழுதாகிவிடும் என்றார். இரத்தம் பொருந்தவேண்டும், நெஞ்சுக்கூட்டின் அளவும் பொருந்தவேண்டும், உயரமானவரின் நுரையீரலைக் கட்டையானவரின் நெஞ்சுக்குள் திணிக்கமுடியாது என்றும் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. எதிரே வருகிறவர்களின் உயரத்தைப் பார்ப்பேன்.

அன்றைக்குக் கிளினிக்கில் நாங்கள் இருந்த நீள வாங்கில் எனக்குப் பக்கத்தில், தெற்கே காலி ஊர்ப் பக்கத்துச் சிங்களப் பெண் ஒருத்தி இருந்தாள். மூக்கில் என்னுடையதைப் போலவே குழாய். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறதாம் என்று நீதான் விசாரித்துச் சொன்னாய். என் உயரம்தான். நான் அவளை ஓரக்கண்ணால் அளந்தேன். அவளும் என்னை அளந்தாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பிறகு அவள் பையிலிருந்து பிஸ்கற் பெட்டியை எடுத்து நீட்டினாள். எனக்கு நல்ல பசி. ஆனாலும் வேண்டாம் என்று தலையாட்டினேன். நீ என்னைப் பார்த்து முறைத்தாய். அவள் நஞ்சு வைத்திருப்பாள் என்றா நினைத்தேன்? அதில்லை. வரப்போவது ஒன்றுதான் என்றால், அவளுடைய பிஸ்கற்றைத் தின்றுவிட்டு எப்படி அவளை முந்துவது என்று யோசித்தேன்.

பற்றாக்குறை எனக்குப் புதிதில்லை. சண்டை நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் நான் எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். உனக்கு அப்போது பால்ப்பல் விழுகிற வயது. சீனியும் மாவும் மண்ணெண்ணெயும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்துவிட்டால் சனம் விடியமுன்னமே பங்கீட்டுக் கூப்பனோடு வரிசையில் நிற்கும். சாமான் கொஞ்சம், கூப்பன் அதிகம். அந்த நேரத்தில் பங்கு போடுகிறவனைச் சந்தேகப்படாமல் வேறு யாரைச் சந்தேகப்படுவது? அதனால் நான் ஒரு முறை வைத்தேன். மனேச்சர் வீட்டுக் கூப்பன் கடைசி. எல்லாருக்கும் கொடுத்து மிஞ்சினால்தான் எங்களுக்கு. பல தடவை மிஞ்சவில்லை. அம்மா உன் கையில் ஒரு துண்டுப் பனங்கட்டியும் வெறுந்தேத்தண்ணியும் கொடுத்துவிட்டு, என்னைக் கடித்துத் தின்னாத குறையாகப் பார்ப்பாள்.

சரி, ஊர் நம்பியதா? "முதலே ஒளிச்சு வைச்சிட்டுத்தான் உவன் கடைசியிலை நிண்டு நடிக்கிறான்" என்றார்கள். கடைசியில் எடுத்தால் மட்டும் போதாது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு கடையைப் பூட்டமுன்னம் வெறுஞ்சாக்கை வாசலுக்குக் கொண்டுவந்து, நிற்கிறவர்களுக்கு முன்னால் தலைகீழாகப் பிடித்து உதறுவேன். பின்கதவையும் திறந்துவிட்டு, சந்தேகப்படுகிறவை உள்ளே போய்ப் பாருங்கோ என்பேன். வெட்கம் கெட்ட வேலைதான். முகத்தில் மாப்படிந்து, ஒரு கோமாளி மாதிரி நிற்பேன். ஆனால் வாய்கள் கொஞ்சம் அடங்கின.

இனி சுதனின் கதை. கோயிலடியில் லான்ட்மாஸ்டர் வைத்து வயல் உழுகிற நடராசாவின் ஒரே பெடியன். நெல்லியடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது வளைவில் விழுந்துவிட்டான், தலையில் பலத்த அடியாம் என்று அம்மா வந்து சொன்னாள். இப்போது நான் எழுதப்போவது எழுதக்கூடாத விசயம். அதைக் கேட்டவுடன் எனக்கு, ஐயோ பிள்ளை என்று வரவில்லை. அவன் என்ன உயரம் என்றுதான் முதலில் வந்தது. நெட்டையன், எனக்குப் பொருந்தாது என்று கணக்குப் போட்டு முடித்த பிறகுதான், போன திருவிழாவில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதைக் கண்டு எங்கேயோ போய்க் கதிரை தூக்கிவந்து போட்டவன் அவன் என்பது நினைவுக்கு வந்தது. ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டு முடித்த எனக்கு, அன்றையிலிருந்து என்னிலேயே சந்தேகம்.

மூளைச்சாவு என்று முடிவானதும் நீ போய் அவர்களோடு கதைத்திருக்கிறாய். எப்படிக் கேட்கவேண்டும் என்று உனக்குப் படிப்பித்தார்களோ அப்படியே கேட்டிருக்கிறாய். நடராசா தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாராம். சுதனின் தாய்மாமன்தான் எழும்பி, "ஆருக்கு? உன்ரை கொப்பருக்கோ?" என்று என்னை இழுத்துக் கேட்டானாம். உறுப்பு யாருக்குப் போகும் என்று சொல்லக்கூடாது என்கிற விதியை நீ சொன்னாய். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் எழும்பிப் போய்விட்டார்கள். சுதனை முழுசாக வீட்டுக்குக் கொண்டுவந்து முழுசாகவே எரித்தார்கள். சிறுநீரகம், ஈரல், இதயம் எல்லாம் அவனோடு போயின. அவற்றுக்காகக் காத்திருந்தவர்கள் இன்னும் எங்கேயோ காத்திருக்கிறார்கள். இதெல்லாம் எனக்கு நீ சொல்லவில்லை, ஓட்டோக்காரர் சொன்னார். கேட்டுவிட்டு நானும் உன்னைச் சந்தேகப்பட்டேன், பிள்ளை. எனக்காகத்தான் கேட்டாயோ என்று. அதைவிடக் கேவலம், அப்படிக் கேட்டிருந்தால் என்ன என்று உள்ளுக்குள் ஓர் ஆசையும் இருந்தது.

துக்க வீட்டுக்குப் போகவேண்டாம் என்று அம்மா மறித்தாள். சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் போனேன். பந்தலில் இருந்தவர்களின் கண்ணெல்லாம் முதலில் சிலிண்டரில், பிறகு என் முகத்தில். துக்க வீட்டில் வா என்றும் சொல்வதில்லை, போயிட்டு வாறன் என்றும் சொல்வதில்லை. வந்தமாதிரியே பேசாமல் எழும்பிப் போகவேண்டியதுதான். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பினேன். நடராசா என் கையைப் பிடித்தார்.

"இருங்கோ மனேச்சர்."

இருந்தேன்.

"அவன்ரை நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டு கிடந்தது. கை சுட்டுது. செத்திட்டான் எண்டு சொல்லினம். நீங்களெண்டா நம்புவியளோ?"

"நம்பியிருக்கமாட்டன்" என்றேன். அது உண்மை. என் நெஞ்சும் மெசினின் தயவில்தான் ஏறி இறங்குகிறது.

"டொக்டர்மார் திரும்பவும் சோதிச்சுக் காட்டினவை. பிறகு நம்பினன். குடுப்பம் எண்டுதான் மனதிலை இருந்தது." தோளில் கிடந்த துவாயால் மூக்கைத் துடைத்தார். "மச்சான் உங்கடை பேரை இழுத்தான். நான் உங்கடை மோளின்ரை முகத்தைப் பாத்தன். ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. ஏதோ ஒளிக்கினம் எண்டு நினைச்சன்."

"எனக்கு அவன்ரை அளவு பொருந்தாது நடராசா."

"அது இப்ப சொல்லுறியள்." கோபமாகச் சொல்லவில்லை. "உங்களுக்கெண்டே கேட்டிருந்தாலும் குடுத்திருப்பன், மனேச்சர். சீனி இல்லாத காலத்திலை சாக்கை உதறிக் காட்டின மனிசனல்லோ. அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை ஆரும் சாக்கை உதறிக் காட்டேல்லை."

நான் அழுதுவிட்டேன். பந்தலில் எல்லாரும் பார்க்க, குழாயெல்லாம் நனைய அழுதேன். அதையும் இரண்டு பேர் நடிப்பு என்றுதான் சொல்லியிருப்பார்கள், சொல்லட்டும். எழும்பிப் போகும்போது நடராசா சிலிண்டரை ஓட்டோ வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார்.

உன்னில் பிழையில்லை, பிள்ளை. விதியில் இருக்கிறபடிதான் சொன்னாய். ஆனால் எங்கள் சனத்திடம் விதியைச் சொல்லி ஒன்றையும் வாங்கமுடியாது. இங்கே எத்தனை வீடுகளில் காணாமல் போன பிள்ளைகளின் உடம்பைத் தேடி ஆமி முகாம் முகாமாக அலைந்தார்கள் என்று உனக்குத் தெரியும். இதிலே ஒரு கையெழுத்து வை என்று வந்து கேட்டவர்கள் இங்கே பெரும்பாலும் நன்மைக்குக் கேட்டதில்லை. கிடைத்த உடம்பையாவது முழுசாகக் கொண்டுபோகவேண்டும் என்று நினைக்கிற தாயை, விளக்கமில்லாதவள் என்று உன்னோடு வேலை செய்கிறவர்கள் யாராவது கதைத்தால் நீ அதற்குத் தலையாட்டாதே. சந்தேகப்பட்டவர்கள்தான் இந்த மண்ணில் தப்பினார்கள். நானும் அப்படித் தப்பினவன்தான். அந்தச் சந்தேகத்துக்கு மரியாதை கொடுத்துக்கொண்டு கேள். ஆஸ்பத்திரி நடைவழியில் நின்றுகொண்டு கேட்காதே, பக்கத்தில் இருந்து கேள். நெஞ்சு ஏன் ஏறி இறங்குகிறது, உடம்பு ஏன் சுடுகிறது என்று அவர்கள் வாய் திறக்கமுன்னம் நீயே சொல்லு. மாமன்மார் எழும்பிக் கத்தினால் கத்தட்டும், நீ தாய் தகப்பனின் முகத்தைப் பார்த்துக் கதை. எல்லாவற்றுக்கும் முதல், உன்னைப் பற்றி அவர்கள் எதை நினைக்கக்கூடுமோ அதை நீயாகவே எடுத்து வெளியில் போடு. அவர்கள் கண்டுபிடித்த பிறகு சொன்னால், நீ சத்தியம் பண்ணினாலும் எடுபடாது.

இனி நான் செய்த வேலையைச் சொல்கிறேன். திங்கட்கிழமை கொழும்பு டொக்டர் அம்மாவுக்குப் போன் எடுத்து, என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன்.

"ஐயா, மகளுக்கு இந்த லிஸ்ட்டுல ஒண்டும் செய்ய ஏலாது. யாருக்குக் குடுக்கிறது எண்டு நாங்கதான் பாக்கிறது. அது உங்களுக்குத் தெரியும்தானே?" என்றார்.

"எனக்குத் தெரியும், டொக்டர். எங்கடை ஊருக்குத் தெரியாது."

யோசித்துவிட்டுச் சொல்லும்படி சொல்லிப் போனை வைத்துவிட்டார். அடுத்த நாள் அவரே எடுத்தார். நான் அதையேதான் திரும்பச் சொன்னேன். பெயரை எடுத்துவிட்டார்கள்.

அப்பா பெரிய தியாகி என்று நினைத்துவிடாதே. எனக்குச் சாகப் பயம். அதுவும் மூச்சு முட்டிச் சாகப் பயம். மெசினை நிறுத்திவிட்டு உன்னை ஒட்டுக்கேட்ட அந்தக் கொஞ்ச நேரத்தில் அது எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டேன். இன்னும் கொஞ்ச வருசம் இருந்து உன்னோடு சண்டை பிடிக்க எனக்கு ஆசை. ஆனால் என் வயதுக்கும் இந்த நெஞ்சுக்கும் பொருந்தி ஒன்று வருவது கஷ்டம் என்று டொக்டர் அம்மா முதல் நாளே மறைக்காமல் சொல்லியிருந்தார். வராத ஒன்றுக்காக என் பெயர் அங்கே கிடந்து, நீ கேட்கப்போகிற ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குறுக்கே நிற்கிறது. நாளைக்கு எங்கள் பக்கத்து வீடு ஒன்றிலிருந்து அந்தக் காலிப் பெண்ணுக்குப் பொருந்துகிற ஒன்று போகக்கூடும். அதை மறிக்கிறவனாக நான் இருக்கமாட்டேன். அவளுடைய பிஸ்கற்றை வாங்கியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆகவே நீ வேலையை மாற்றவேண்டாம். மேற்றனுக்குச் சொன்னதைத் திரும்ப வாங்கு. அடுத்த தடவை ஒரு தகப்பனுக்கு முன்னால் போய் இருக்கும்போது முதல் வசனமாக இதைச் சொல்லு: "என்ரை அப்பாவும் காத்திருந்தவர். இப்ப அவரின்ரை பேர் அதிலை இல்லை." நம்பாதவர்களுக்கு இந்த மலரைக் காட்டு. இன்னொன்று. எனக்குப் பிறகு என் கண்கள் இரண்டையும் எடுக்கச் சொல்லு. அவை இன்னும் நன்றாகத்தான் இருக்கின்றன, தெரு ஒழுங்கை முகப்பில் வருகிறவன் என்ன எண்ணத்தோடு வருகிறான் என்பது வரைக்கும் தெரிகிறது. ஆனால் இதை வாசித்திருப்பாள் என்றாலும் அம்மாவிடம் அதை நீ போய்க் கேட்காதே, வேறு யாரையாவது அனுப்பு. நீ கேட்டால், ஏன் கேட்கிறாய் என்று உன்னைச் சந்தேகப்படுவாள்.

இனி நீ என்ன செய்வாய் என்பதும் எனக்குத் தெரியும். இதை வாசித்து முடிக்கமுன்னமே கொழும்புக்குப் போன் எடுப்பாய். அப்பா ஏதோ கோபத்தில் சொல்லிவிட்டார், அவருடைய பெயரைத் திரும்பப் போட்டுவிடுங்கோ என்று கெஞ்சுவாய். அழுவாய். நீ அழுதால் யாருக்கும் மனம் இளகும். அதற்கும் நான் முதலே வழி பண்ணிவிட்டேன். போனை வைக்கமுன்னம் டொக்டர் அம்மாவிடம் சொன்னேன்:

"என்ரை மகள் உங்களுக்கு எடுப்பாள், டொக்டர். நல்ல பிள்ளை. ஒருத்தருக்கும் பொய் சொல்லமாட்டாள். ஆனா என்ரை விசயத்திலை மட்டும் அவள் சொல்லுற ஒண்டையும் நம்பாதேங்கோ."